பெயருக்கு 20 பைட் போதுமா? சி நிரலில் பஃபர் வழிதலைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

வாசகர் வட்டம் ஒன்றின் உறுப்பினர் அட்டைகளை அச்சிட, சி மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடியது. அப்போது பட்டியலில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பிறகு, தமிழிலேயே அச்சிடுவோம் என்று முடிவாகி, பட்டியல் முழுவதையும் யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அச்சாகி வந்த அட்டைகளில் ஒன்றில் உறுப்பினர் பெயர் ‘தமிழ்ச்சமணி’ என்று இருந்தது. அப்படி ஒருவர் வட்டத்தில் இல்லவே இல்லை. அதே அட்டையில் சந்தா என்ற இடத்தில் -1699815283 என்று அச்சாகியிருந்தது. நிரல் பாதியில் நிற்கவில்லை, ஒரு பிழைச்செய்திகூடத் தரவில்லை.

இங்கே பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஆனால் கணக்கு கற்பனையில்லை. கீழே சொல்வதுபோல் எழுதி ஓட்டினால், இன்றைய சாதாரண மேசைக்கணினியில் இதே எண்தான் உங்களுக்கும் வரும். சி கற்கத் தொடங்கியிருப்பவர்கள் இந்த ஒரு பிழையை முழுதாகப் பிரித்துப் பார்த்துவிட்டால், பஃபர் வழிதல் (ஒதுக்கிய இடத்தைத் தாண்டித் தரவு எழுதப்படுவது) என்பதன் பெரும்பகுதி பிடிபட்டுவிடும் என்று நம்புகிறேன். செயற்கூறுகளின் பெயர்களையும் கட்டளைகளையும் அவை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

என்ன நடந்தது?

ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பல மதிப்புகளை ஒன்றாக வைக்கும் கட்டமைப்பு. அதில் இரண்டே உறுப்புகள்: பெயருக்கு 20 பைட் கொண்ட ‘சார்’ அணி, அதை ஒட்டிச் சந்தாவுக்கு 4 பைட் ‘இன்ட்’. ஆக ஓர் உறுப்பினருக்கு 24 பைட். இப்படிப் பல உறுப்பினர்கள் ஓர் அணியில் வரிசையாக, இடைவெளியே இல்லாமல் அமர்ந்திருப்பார்கள். கோப்பின் ஒவ்வொரு வரியிலும் முதலில் சந்தா, பிறகு பெயர். சந்தாவை எடுத்து அதன் இடத்தில் வைத்தபின், பெயரை ஸ்டர்காப்பி கொண்டு பெயர் அணிக்குள் பிரதி எடுத்தேன்.

ஸ்டர்காப்பிக்கு இரண்டு முகவரிகள்தான் தெரியும்: எங்கிருந்து, எங்கே. போய்ச் சேரும் இடத்தில் எத்தனை பைட் காலி என்பதை அதனிடம் நாம் சொல்வதும் இல்லை, அது கேட்பதும் இல்லை. மூலத்தில், சொல்லின் முடிவைக் குறிக்கும் சுழிய பைட் வரும்வரை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டும்.

இப்போது பெயரைப் பாருங்கள். தமிழ்ச்செல்வி. வாசிக்கிற கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் த, ம போன்ற அகர உயிர்மெய்க்கு மட்டுமே தனிக் குறியீடு உண்டு; மற்ற உயிர்மெய்களிலும் மெய்களிலும் அந்த அகர வடிவமும் அதன்மேல் வரும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே சேமிக்கப்படுகின்றன. த, ம, இகரக்குறி, ழ, புள்ளி, ச, புள்ளி, ச, எகரக்குறி, ல, புள்ளி, வ, இகரக்குறி என்று 13 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 39 பைட், முடிவில் சுழியம் ஒன்று, மொத்தம் 40. இதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 10 பைட், சுழியத்தோடு 11. இத்தனை ஆண்டுகள் நிரல் பிழைத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.

20 பைட் இடத்தில் 40 பைட் இறங்கியது. 20ஆவது இடத்திலிருந்து 23ஆவது இடம்வரை சந்தா இருந்தது (சி வழக்கப்படி சுழியத்திலிருந்து எண்ணுகிறேன்). அங்கே முதலில் விழுந்தது புள்ளியின் கடைசி பைட்டான 141. அடுத்த மூன்றும் ‘ச’வுக்கு உரிய 224, 174, 154. இந்த நான்கையும் ஒரு முழு எண்ணாக வாசித்தால் -1699815283. சந்தா கட்டி முடித்த ஒருவர் மேல் 169 கோடி ரூபாய்க்கு மேல் குறைக்கணக்கு!

மிச்சம் 16 பைட் அடுத்த உறுப்பினரின் பெயருக்குள் சிந்தியது. ஆனால் அடுத்த வரியை வாசித்தபோது ‘மணி’ என்ற பெயர் அதே இடத்தில் எழுதப்பட்டு, சிந்தியதை மறைத்துவிட்டது. முதல் உறுப்பினரின் 24 பைட்டில் சுழியம் எங்குமே இல்லை. ஆகவே அச்சிடும் செயற்கூறு ‘தமிழ்ச்ச’ வரை வாசித்துவிட்டு, நிற்காமல் அடுத்தவர் பெயருக்குள் போய் ‘மணி’யையும் சேர்த்து அச்சிட்டது. மணியின் அட்டை சரியாகவே இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பிழை நடந்த இடம் பெயர். முதலில் கண்ணில் உறுத்தியது சந்தா. நான் முதல் ஒரு மணி நேரத்தைச் சந்தாக் கணக்கிடும் வரிகளிலேயே செலவிட்டேன். ஒரு மாறி காரணமில்லாமல் கெட்டுப்போயிருந்தால், ஸ்ட்ரக்டில் அதற்கு முன்னால் எது உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

படி 1: பிழையை எப்போது வேண்டுமானாலும் வரவழைக்க முடிய வேண்டும்

எதையும் திருத்துவதற்கு முன், பிழையைக் கொண்டுவரும் மிகச்சிறிய உள்ளீட்டைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். எனக்கு அது இரண்டே வரி: தமிழ்ச்செல்விக்கு ஒன்று, மணிக்கு ஒன்று. பல நூறு வரிகளுள்ள பட்டியலை வைத்துக்கொண்டு தேடினால் நாள் முழுக்கப் போய்விடும். பாதியை வெட்டிப் பாருங்கள். பிழை இன்னும் வருகிறதா? மறுபடி பாதி. பத்து முறைக்குள் முடிந்துவிடும்.

படி 2: கம்பைலரைப் பேச வையுங்கள்

உங்கள் கம்பைலர் ஜிசிசியோ கிளாங்கோ, எதுவானாலும் எச்சரிக்கைகளை அதிகமாகத் திறந்துவிடும் ‘டபிள்யூஆல்’, ‘டபிள்யூஎக்ஸ்ட்ரா’ என்ற இரண்டு விருப்பங்களையும், பிழைதிருத்தத் தகவலைச் சேர்க்கும் ‘ஜி’ விருப்பத்தையும் கொடுத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். அளவு முன்கூட்டியே தெரிகிற வழிதல்களை, 5 பைட் அணிக்குள் 12 எழுத்துச் சொல்லை நேராகப் போடுவது போன்றவற்றை, இங்கேயே சொல்லிவிடும். என் பிழை கோப்பிலிருந்து வரும் பெயரைப் பொறுத்தது என்பதால் கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. எச்சரிக்கை வரவில்லை என்பதால் நிரல் நலம் என்று எண்ணிவிட வேண்டாம்.

படி 3: அட்ரஸ் சானிடைசர், அது பிடிக்காதபோது வாட்ச்

அட்ரஸ் சானிடைசர் என்ற கருவி இன்று ஜிசிசியிலும் கிளாங்கிலும் உள்ளேயே இருக்கிறது. ‘எஃப்சானிடைஸ்’ விருப்பத்தை ‘அட்ரஸ்’ என்று கொடுத்துக் கம்பைல் செய்தால் போதும். ஒவ்வோர் அணியையும் சுற்றிக் காலி இடம் விட்டு, அதைத் தடைசெய்யப்பட்ட பகுதி என்று குறித்துவைத்துக்கொள்ளும். நிரல் அங்கே ஒரு பைட் எழுதினாலும் உடனே நிறுத்தி, எந்தக் கோப்பில் எந்த வரி என்று காட்டும். நிரல் சுமார் இரண்டு மடங்கு மெதுவாக ஓடும். சோதனைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இந்தக் கருவியை நம்பி ஓட்டினேன். அமைதி! அதே தப்பான அட்டைதான் வந்தது.

புதியவர்கள் பலர் இந்த இடத்தில் குழம்புவார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தடைப்பகுதி என்பது, நினைவகம் ஒதுக்கித் தரும் மால்லாக் ஒரே அழைப்பில் தந்த முழுத் துண்டைச் சுற்றி, அல்லது ஒரு முழு மாறியைச் சுற்றித்தான் இருக்கும். ஸ்ட்ரக்டுக்குள் பெயருக்கும் சந்தாவுக்கும் நடுவே அதை வைக்க வழியில்லை. வைத்தால் ஸ்ட்ரக்டின் அமைப்பே மாறிவிடும். அணியில் அடுத்தடுத்த உறுப்பினர்களுக்கு நடுவிலும் இல்லை. என் வழிதல் முழுவதும் அந்தப் பெரிய அணிக்குள்ளேயே நடந்தது. கருவியின் பார்வையில் அது சட்டப்படியான இடம்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, சோதனைக்காக மட்டும் ஓர் உறுப்பினருக்கான 24 பைட்டை மால்லாக்கில் வாங்கி அதில் பெயரைப் பதிப்பது. இப்போது சிந்துகிற 16 பைட் துண்டுக்கு வெளியே விழும். சானிடைசர் உடனே ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ என்று கூவி, எழுத முயன்ற வரியையும், நினைவகத்தை வாங்கிய வரியையும் சேர்த்தே காட்டும்.

இரண்டாவது, ஜிடிபி என்ற பிழைதிருத்தியில் வாட்ச் கட்டளை. எனக்கு உண்மையில் கைகொடுத்தது இதுதான். சந்தா எழுதப்பட்ட மறுவரியில் நிரலை நிறுத்தி, அந்த உறுப்பினரின் சந்தாவின் மேல் வாட்ச் வைத்துவிட்டு ஓடவிடுங்கள். அந்த 4 பைட்டை யார் தொட்டாலும் நிரல் நின்று, பழைய மதிப்பு இது, புதிய மதிப்பு இது என்று காட்டும். பழையது 150, புதியது அந்தக் குறையெண். நின்ற இடம் நூலகச் செயற்கூறான ஸ்டர்காப்பியின் உள்ளே இருந்தது. ‘பிடி’ கட்டளை கொடுத்தால் அதை அழைத்த நம் வரி தெரியும். ஒரு மணி நேரமாகத் தேடியது இரண்டு நிமிடத்தில் கையில் கிடைத்தது.

மூன்றாவது உதவி ஒன்றும் உண்டு. ஃபார்ட்டிஃபை சோர்ஸ் என்ற மேக்ரோவை (பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு வரும்) 2 என்று வைத்து, ‘ஓ2’ உகப்பாக்கத்தோடு லினக்ஸில் கம்பைல் செய்தால், ஸ்டர்காப்பி போன்ற செயற்கூறுகள் ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் பெயர் அணியின் அளவையே பார்க்கும். மீறினால் நிரல் அங்கேயே நின்றுவிடும். சானிடைசரையும் இதையும் ஒரே கம்பைலில் கலக்காமல் தனித்தனியாக ஓட்டுங்கள். கலந்தால் சானிடைசர் சிலவற்றைத் தவறவிடும்.

படி 4: திருத்தம்

கை முதலில் போகிற இடம் அந்த 20. அதை 40 ஆக்கினால் இந்தப் பெயர் சரியாகிவிடும். அடுத்த மாதம் இன்னும் ஒரு குறியீடு நீளமான பெயர் வரும்போது அதே கதைதான். அளவைக் கூட்ட வேண்டியதுதான். ஆனால் அது இரண்டாவது வேலை. எழுதுவதற்கு முன் அளவைப் பார்க்கும் வரி எங்கே என்பதுதான் முதல் கேள்வி. என் நிரலில் அப்படி ஒரு வரியே இல்லை.

அடுத்து நினைவுக்கு வருவது ஸ்டர்என்காப்பி. பெயரில் எண்ணிக்கை இருப்பதால் பாதுகாப்பானது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். மூலம் நீளமாக இருந்தால் அது 20 பைட்டையும் நிரப்பிவிட்டு, முடிவில் சுழியம் வைக்காமலே போய்விடும். பிறகு அச்சிடும்போது நிரல் எல்லையைத் தாண்டி வாசிக்கும். வழிதல் எழுதும் பக்கத்திலிருந்து வாசிக்கும் பக்கத்துக்கு மாறியதுதான் மிச்சம்.

எஸ்என்பிரிண்ட்எஃப் நல்லது. கொடுத்த அளவை மீறாது, சுழியத்தையும் மறக்காமல் வைக்கும். முழுவதும் எழுத எத்தனை எழுத்து தேவைப்பட்டிருக்கும் என்பதைத் திருப்பித் தரும். அந்த எண் அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் பெயர் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆனால் தமிழ்ப் பெயரை அது எங்கே வெட்டும் என்று பாருங்கள். 20 பைட் இடத்தில் 19 பைட் எழுதும். ஆறு குறியீடுகளுக்கு 18 பைட். பத்தொன்பதாவது, புள்ளியின் முதல் பைட். அது தனியே நின்றால் எந்த எழுத்தும் இல்லை; அட்டையில் ‘தமிழ்ச’ என்பதோடு ஒரு கேள்விக்குறிக் கட்டம் அச்சாகும். அரைகுறை பைட்டை நீக்கிவிட்டாலும் மிஞ்சுவது ‘தமிழ்ச’. ஒருவர் பெயரை அப்படி அச்சிட்டு அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பெயர், முகவரி, தொகை போன்றவற்றை வெட்டவே கூடாது. பிழை என்று அறிவித்து நிறுத்த வேண்டும் என்பது என் திடமான கருத்து. திரைக்கான பதிவுச்செய்தி போன்றவற்றை வேண்டுமானால் வெட்டிக்கொள்ளலாம்.

ஆகவே நான் எழுதியது மூன்று அளபுருக்கள் வாங்கும் ஒரு சிறிய செயற்கூறு: இலக்கு, அதன் கொள்ளளவு, மூலம். உள்ளே நான்கே வரி. ஸ்டர்லென் நீளத்தை எண்ணும், மெம்காப்பி சொன்ன அளவு பைட்டைப் பிரதி எடுக்கும்.

நீளம் = ஸ்டர்லென்(மூலம்);
இஃப் (நீளம் >= கொள்ளளவு) ரிட்டர்ன் -1;
மெம்காப்பி(இலக்கு, மூலம், நீளம் + 1);
ரிட்டர்ன் 0;

இரண்டாம் வரியில் இருக்கும் சமக்குறியை விட்டுவிடாதீர்கள். நீளம் 20, கொள்ளளவு 20 என்றால் எழுத்துகள் கச்சிதமாக அடங்கும், சுழியத்துக்கு இடமிருக்காது. சமக்குறி இல்லாத நிரல் அந்த ஒரு பைட்டைச் சந்தாவின் மேல் எழுதும். சந்தா 150 என்பது 0 ஆகிவிடும். பெரிய வழிதலைவிட இது கொடியது. குறையெண்ணைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும், 0 வந்தால் சந்தா கட்டவில்லை போலும் என்று நினைத்துக்கொள்வார்கள். மூன்றாம் வரியின் ‘கூட்டல் 1’ அந்தச் சுழியத்துக்காகத்தான். மால்லாக்கில் இடம் வாங்கும்போதும் இதே ‘கூட்டல் 1’ தேவை.

கொள்ளளவை அழைக்கும் இடத்தில் சைஸ்ஆஃப் போட்டு எடுங்கள், 20 என்று எண்ணை எழுதாதீர்கள். அழைக்கும் இடத்தில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அணியை ஒரு செயற்கூறுக்கு அனுப்பியதும் அது வெறும் பாயிண்டராகிவிடுகிறது. உள்ளே போய் சைஸ்ஆஃப் கேட்டால் 64 பிட் கணினியில் 8 என்று வரும், அது அணியின் அளவு இல்லை.

-1 வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். என் நிரல் இப்போது வரி எண்ணையும் பெயரையும் காட்டி, ‘பெயர் நீளம், அட்டை அச்சிடப்படவில்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறது.

இதன் பிறகுதான் அளவை 128 ஆக்கினேன். இங்கே ஓர் எச்சரிக்கை: ஸ்ட்ரக்டை அப்படியே எஃப்ரைட் கொண்டு கோப்பில் சேமிக்கும் நிரலாக இருந்தால், அளவை மாற்றியதும் பழைய கோப்புகளை வாசிக்க முடியாது. முதலில் பழைய அளவில் வாசித்துப் புதிய அளவில் எழுதும் தனி நிரல் ஒன்று தேவைப்படும்.

படி 5: உடன்பிறப்புகளைத் தேடுங்கள்

ஓரிடத்தில் ஸ்டர்காப்பி வழிந்தால் வேறு இடங்களிலும் வழியும். மூலக்கோப்புகள் முழுவதிலும் ஸ்டர்காப்பி, ஸ்டர்கேட், ஸ்பிரிண்ட்எஃப், அகலம் குறிப்பிடாமல் சொல்லை வாசிக்கும் ஸ்கேன்எஃப் எல்லாவற்றையும் தேடி, ஒவ்வொன்றின் முன்னும் ‘அளவு யாருக்குத் தெரியும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஸ்கேன்எஃப் என்றால் 20 பைட் அணிக்கு அகலம் 19.

இடத்தின் அளவைப் பாராமல் ஒரு வரியை வாசிக்கும் கெட்ஸ் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த வழியே இல்லை. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் புழு, பயனர் விவரம் தரும் ஃபிங்கர் சேவையில் 512 பைட் பஃபரை கெட்ஸ் நிரப்பிய இடத்தில்தான் கூடுதல் பைட்டுகளைத் திணித்து உள்ளே நுழைந்தது. செயற்கூறின் உள்மாறிகள் இருக்கும் ஸ்டாக்கில், வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியும் அருகிலேயே இருக்கும். வழிந்த பைட்டுகள் அதை மாற்றி எழுதினால் கணினி எதிராளி சொன்ன இடத்துக்குப் போகும். என் சந்தாவுக்கு நேர்ந்த அதே காரியம்தான், இடம் மட்டும் வேறு. 2011இல் வந்த சி தரம் கெட்ஸை மொழியிலிருந்தே நீக்கிவிட்டது.

அதற்குப் பதில் எஃப்கெட்ஸ். நீளமான வரி வந்தால் அது பாதியில் நிறுத்திவிடும்; மிச்சம் அடுத்த அழைப்பில் புது வரி போல வரும். வாசித்த துண்டின் கடைசியில் வரிமுறிவு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால், அது கோப்பின் கடைசி வரியும் இல்லையென்றால், அந்த வரியை ஒதுக்குங்கள். என் நிரலிலும் எஃப்கெட்ஸ்தான் இருந்தது, 256 பைட் வரிக்கு. வாசிக்கும் இடம் பாதுகாப்பானது என்ற நிம்மதியில், அந்த 256ஐ ஒரு 20க்குள் கொட்டுகிறோம் என்பதைக் கவனிக்கவில்லை.

மெம்காப்பியின் நீளம் வெளியிலிருந்து வந்தால் இரண்டு பக்கமும் பாருங்கள்: இலக்கில் இடம் இருக்கிறதா, மூலத்தில் அவ்வளவு இருக்கிறதா. 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் பிழை இரண்டாவது வகை. எதிர்முனை சொன்ன நீளத்தை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகம் அப்படியே நம்பி, வந்த செய்தியின் எல்லையைத் தாண்டி ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை நினைவகத்தை எடுத்து அனுப்பியது. கடவுச்சொற்களும் இரகசியச் சாவிகளும் வெளியேறக்கூடிய நிலை. சொன்ன நீளத்தை வந்த செய்தியின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்ததுதான் திருத்தம்.

படி 6: எல்லையில் நின்று சோதியுங்கள்

முதல் படியில் சேமித்த இரண்டு வரிக் கோப்பை ஓட்டுங்கள். இரு அட்டைகளும் சரியாக வர வேண்டும். அடுத்து எல்லை. புதிய அளவு 128 என்றால் 127 பைட் பெயர் ஏற்கப்பட வேண்டும், 128 பைட் பெயர் மறுக்கப்பட வேண்டும். முழுக்கத் தமிழில் எழுதிய பெயரால் இதைச் சோதிக்க முடியாது. மூன்று மூன்றாகத் தாவுவதால் 126இலிருந்து நேராக 129க்குப் போய்விடும், அந்த ஒரு பைட் பிழை பிடிபடாமலே போகும். தலைப்பெழுத்துக்குப் பின் வரும் முற்றுப்புள்ளிக்கும் இடைவெளிக்கும் ஒவ்வொரு பைட்தான். 42 குறியீடுகளோடு ஒரு முற்றுப்புள்ளி, 127. அதனுடன் ஓர் இடைவெளி, 128. இந்த இரண்டு வரிகளையும் சோதனைக் கோப்பில் சேர்த்து, சானிடைசரோடு ஒரு முறையும் ஃபார்ட்டிஃபையோடு ஒரு முறையும் ஓட்டுங்கள். முதல் அட்டை அச்சாகி, இரண்டாவதற்கு ‘பெயர் நீளம்’ என்ற செய்தி வந்தால் நிரலைத் திருப்பிக் கொடுக்கலாம்.